அமினோ டப்பாவும் காலைச் சாப்பாடும்: தடைக்காலத்தில் ஆணழகன் போட்டிக்குத் தயாரான ஒரு மீனவர் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

27 வயது ஆண். பாம்பன் பக்கத்துக் கடற்கரை ஊர்க்காரர், விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறவர். நான்கு ஆண்டுகளாக எடைப் பயிற்சி செய்கிறார். உயரம் 170 செ.மீ. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு எதுவும் இல்லை. ஜூன் கடைசி வாரத்தில் நடக்கவிருந்த ஆணழகன் போட்டியில் 70 கிலோ பிரிவில் நிற்க வேண்டும் என்பது திட்டம்.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. ராத்திரிக் கடல் இல்லை, தூக்கம் கெடுவதில்லை, நினைத்த நேரத்தில் ஜிம்முக்குப் போகலாம். அதனால் இந்தப் பக்கத்தில் பல பையன்கள் போட்டிக்கான 'கட்டிங்'கை (தசையை விடாமல் கொழுப்பைக் குறைப்பதை) இந்த இரண்டு மாதத்தில்தான் வைத்துக்கொள்கிறார்கள். ஆனால் கையில் காசு வற்றுவதும் இதே மாதங்களில்தான். படகிலிருந்து வீட்டுக்கு வரும் கறிமீனும் நின்றுவிடும். அரசு தரும் தடைக்கால நிவாரணம் குடும்பத்துக்கு 8,000 ரூபாய்.

அவர் அப்போது வாங்கிக்கொண்டிருந்தவை இரண்டு. ஒன்று பி.சி.ஏ.ஏ. பொடி. புரதத்தின் கட்டுமானத் துண்டுகளான அமினோ அமிலங்களில் லூசின், ஐசோலூசின், வாலின் மூன்றும் 2:1:1 விகிதத்தில், ஒரு ஸ்கூப்பில் 7 கிராம். நாளைக்கு 3 ஸ்கூப். 30 ஸ்கூப் டப்பா பத்து நாளில் காலி. ஒரு டப்பா 1,600 ரூபாய். இன்னொன்று குளூட்டமின் என்ற அமினோ அமிலம், தினம் 10 கிராம், மாதம் 900 ரூபாய். இரண்டும் சேர்த்து மாதம் 5,700. தடைக்காலம் முழுக்க இப்படியே போனால் 11,400, அதாவது நிவாரணத் தொகையையும் தாண்டிய செலவு. டப்பாக்கள் ஜிம்மிலேயே, பில் இல்லாமல், வாங்கப்பட்டவை.

முதல் மூன்று வாரம்

ஏப்ரல் 17 காலை, வெறும் வயிற்றில் எடை 76.4 கிலோ. தொப்புள் மட்டத்தில் இடுப்பு 86 செ.மீ., மடக்கிய கை 37.5, தொடை 57. பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி தூக்குவது) 80 கிலோ 8 முறை, ஸ்குவாட் (தோளில் எடையோடு உட்கார்ந்து எழுவது) 110 கிலோ 6 முறை.

பயிற்சியாளர் சொன்ன முறை இந்த வட்டாரத்தில் பலர் செய்வதுதான். காலை 5 மணிக்கு வெறும் வயிற்றில் பி.சி.ஏ.ஏ. கலந்த தண்ணீர், 6 முதல் 7.30 வரை பயிற்சி, முடித்ததும் இன்னொரு ஸ்கூப், 11 மணி வரை சாப்பாடு கிடையாது. மூன்றாவது ஸ்கூப் மாலையில். வாரம் 6 நாள் பயிற்சி. எடையைக் குறைத்து 20, 25 முறை தூக்க வேண்டும்; அப்போதுதான் 'கட்டு விழும்', அதாவது தசை வரிவரியாகத் தெரியும் என்பது நம்பிக்கை.

மே 8-இல் எடை 72.6 கிலோ. மூன்று வாரத்தில் 3.8 கிலோ இறங்கியிருந்தது. இடுப்பு 82.5. அதோடு கை 36.4, தொடை 55.5 ஆகக் குறைந்திருந்தன. பெஞ்ச் பிரஸ் 80 கிலோவில் 5 முறைக்கு மேல் ஏறவில்லை. ஸ்குவாட் 100 கிலோவில் 5. பயிற்சியின் நடுவில் இரண்டு முறை கண் இருட்டியது. தகரக் கூரை போட்ட ஜிம், மே மாத வெயில். அதனால்தான் என்று முதலில் விட்டுவிட்டார்கள்.

"மாஸ்டர், சதை இறங்குது" என்று அவர் சொன்னதற்குக் கிடைத்த பதில், ஸ்கூப்பை நான்காக்கு என்பது. காசு இல்லாததால்தான் அது நடக்கவில்லை. ராமநாதபுரத்தில் உள்ள ஓர் உணவியல் ஆலோசகரிடம் அவர் போய்ச் சேர்ந்ததும் அந்தக் காசுக் கவலையில்தான்.

கணக்கு எடுத்தபோது தெரிந்தது

ஞாயிற்றுக்கிழமை உட்பட மூன்று நாள் சாப்பாட்டை எழுதிவரச் சொன்னார்கள். சராசரி நாள் இப்படி இருந்தது: 11 மணிக்கு 3 இட்லி, சாம்பார் (புரதம் 9 கிராம்). மதியம் ஒன்றரைக் கிண்ணம் சோறு, குழம்பில் ஒரு சின்னத் துண்டு மீன், ஒரு கூட்டு (20). மாலை பால் டீ, 2 முட்டை வெள்ளைக்கரு (9). இரவு 2 சப்பாத்தி, பருப்பு, ஒரு முட்டை (17). மொத்தம் 55 கிராம். உடல் எடையில் கிலோவுக்கு 0.76 கிராம்.

அவர் கணக்கிலோ இது 86 கிராம். பி.சி.ஏ.ஏ. 21 கிராமையும் குளூட்டமின் 10 கிராமையும் புரதமாகவே சேர்த்திருந்தார். இந்தத் தப்பைச் செய்பவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல. டப்பாவின் மேல் 'அமினோ' என்று இருந்தால் அது புரதம்தானே என்று தோன்றுவது இயல்பு.

கலோரி 1,200 அளவில். அவர் உடம்புக்கும் பயிற்சிக்கும் எடை மாறாமல் நிற்க 2,400 முதல் 2,500 வரை தேவை. பாதிப் பட்டினி என்றே சொல்ல வேண்டும். லேபிளில் 'பூஜ்யம் கலோரி' என்று போட்டிருந்தாலும் 31 கிராம் அமினோ அமிலத்தில் 100 கலோரிக்கு மேல் இருக்கிறது. அது சின்ன விஷயம். உடம்பு 'வெறும் வயிற்றில்' இருக்கிறது என்ற நம்பிக்கைக்கு மட்டும் அது இடிக்கும்.

இறங்கிய 3.8 கிலோவில் எல்லாமே சதை என்று சொல்ல முடியாது. மாவுச்சத்து குறைந்தால் தசையில் சேமித்திருக்கும் மாவுச்சத்தான கிளைகோஜன் முதலில் தீரும்; 1 கிராம் கிளைகோஜனோடு சுமார் 3 கிராம் தண்ணீரும் போகும். கண்ணாடியில் தோள் 'சப்பென்று' தெரிந்ததற்குப் பெரும் பங்கு அதுதான். ஆனால் ஸ்குவாட் 10 கிலோ இறங்கியதை முழுக்கத் தண்ணீர்க் கணக்கில் எழுதிவிட முடியாது.

டப்பா ஏன் காப்பாற்றவில்லை

தசைப் புரதம் கட்டப்பட 20 அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றில் 9 அமிலங்களை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பாட்டிலிருந்துதான் வர வேண்டும். பி.சி.ஏ.ஏ.யில் இருப்பது அந்த 9-இல் 3. லூசினுக்குத் தனி வேலை உண்டு: தசைக் கட்டுமானத்தைத் தொடங்கு என்று செல்லுக்குச் சொல்லும் சைகை அது. விளம்பரங்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான், அதில் பொய்யும் இல்லை. ஆனால் கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டுச் செங்கல் இறக்காத கதைதான். மீதி 6 அமிலங்கள் வயிற்றிலிருந்து வராதபோது, இருக்கிற தசையைப் பிரித்துத்தான் உடம்பு அவற்றை எடுக்க வேண்டும். 2017-இல் ராபர்ட் வுல்ஃப் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் வாதம் இதுவே: பி.சி.ஏ.ஏ. மட்டும் கொடுத்து மனிதத் தசை வளரும் என்பதற்குச் சான்று இல்லை.

எதிர்ப்பக்கச் சான்றையும் பார்க்க வேண்டும். அதே 2017-இல் வந்த ஜாக்மன் குழுவின் ஆய்வில், எடைப் பயிற்சிக்குப் பின் 5.6 கிராம் பி.சி.ஏ.ஏ. குடித்தவர்களுக்குத் தசைப் புரத உற்பத்தி, வெறும் பானம் குடித்தவர்களைவிட 22 சதவீதம் கூடுதலாக இருந்தது. பொடி விற்பவர்கள் காட்டுவது இந்த எண். ஒப்பிட்டது ஒன்றும் இல்லாத பானத்தோடு. முட்டையோடோ பாலோடோ அல்ல. அளந்ததும் பயிற்சிக்குப் பிந்தைய சில மணி நேரத்தை மட்டும்தான். வாரக்கணக்கில் தசை சேர்ந்ததா என்பது வேறு கேள்வி. பயிற்சிக்கு மறுநாள் வலி கொஞ்சம் குறையலாம் என்பதற்குச் சில சான்றுகள் உண்டு. அதற்காக மாதம் 4,800 ரூபாயா என்பதை அவரவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

முழுப் புரதத்தின் நிலைமை தெளிவானது. 2018-இல் மார்ட்டன் குழு 49 ஆய்வுகளை, 1,863 பேரின் தரவைத் தொகுத்தது. எடைப் பயிற்சியோடு புரதம் கூடுதலாகச் சாப்பிட்டால் தசை சேர்வது ஓரளவு கூடுகிறது. நாளைக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வாக்கில் அந்த ஆதாயம் நின்றுவிடுகிறது. அங்கேயும் சராசரிக் கூடுதல் 0.3 கிலோதான். பெரும்பகுதி வேலையைச் செய்வது பயிற்சிதான். புரதம் அதற்குத் துணை. எடை குறைக்கும் காலத்தில் தேவை இன்னும் சற்று கூடும் என்பதால் 1.8, 2 கிராம் என்று வைப்பது வழக்கம்.

குளூட்டமினைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 2001-இல் இளைஞர்களிடம் 6 வாரம் எடைப் பயிற்சியோடு இதைக் கொடுத்துப் பார்த்தபோது, தசையிலும் பலத்திலும் வெறும் மாவுப்பொடி பெற்றவர்களைவிட எந்த வித்தியாசமும் இல்லை.

எடுத்த முடிவுகளும் காரணமும்

இரண்டு டப்பாவும் நிறுத்தப்பட்டன. பயிற்சியாளர் ஒப்பவில்லை: "கட்டிங்ல அமினோவ நிறுத்துனா சதை கரைஞ்சிரும் தம்பி." ஆலோசகர் அவரோடு வாதாடவில்லை. "டப்பாவும் இருக்கட்டும், தட்டும் இருக்கட்டும்னா எனக்கு ஆட்சேபணை இல்ல. ரெண்டுக்கும் காசு இருக்கா தம்பி?" என்று மட்டும் கேட்டார். பி.சி.ஏ.ஏ.யால் அவருக்கு உடம்பில் தீங்கு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை. அது காலைச் சாப்பாட்டின் இடத்தையும், முட்டைக்கும் மீனுக்கும் போயிருக்க வேண்டிய காசையும் எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

புதிய தட்டு, நாளைக்கு 138 கிராம் புரதம், 1,950 கலோரி வாக்கில்:

- காலை 5.30: பால் 300 மி.லி., ஒரு வாழைப்பழம் (11 கிராம்)
- 8 மணி: முழு முட்டை 2, வெள்ளைக்கரு 4, இட்லி 3, சாம்பார் (36)
- மதியம்: சோறு 200 கிராம், சுத்தம் செய்த மீன் 200 கிராம், காய் (47)
- மாலை: சோயா உருண்டை, காய்ந்த நிலையில் 40 கிராம், வேகவைத்துப் பிழிந்து மிளகு போட்டுப் பிரட்டியது (21)
- இரவு: சப்பாத்தி 2, பருப்பு, முட்டை 2 (23)

கிலோவுக்கு 1.9 கிராம். 20 கிராமுக்கு மேல் புரதம் உள்ள வேளைகள் நான்கு. ஒவ்வொன்றிலும் லூசின் ஒன்றரை கிராமுக்குக் குறையாமல் தானாகவே வந்துவிடும். கூடுதல் செலவு நாளைக்கு 80 ரூபாய், மாதம் 2,400. மிஞ்சிய 4 மஞ்சள்கரு வீட்டுப் பிள்ளைகளின் ஆம்லெட்டுக்குப் போனது. தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் போவதால் சூடை, மத்தி, காரல் கிடைத்தன. விலை கூடுதல், ஆனாலும் கட்டுப்படியானது.

பயிற்சி வாரம் 4 நாளாகக் குறைக்கப்பட்டது. செட் எண்ணிக்கை மூன்றில் ஒரு பங்கு வெட்டப்பட்டது, தூக்கும் எடை மட்டும் குறைக்கப்படவில்லை. சதையை வைத்துக்கொள் என்று உடம்புக்குச் சொல்வது கனம்தான். லேசான எடையை 25 முறை தூக்கினால் வேர்வை வரும். தோலுக்கடியில் உள்ள கொழுப்பு அந்த இடத்தில் மட்டும் கரைந்து கட்டு விழாது.

பலத்துக்காகச் சாப்பிடும் கிரியேட்டின் பொடி தினம் 3 கிராம் சேர்க்கப்பட்டது. 'கிட்னி போயிரும்' என்று பயந்து அவர் இதுவரை தொடாதது இது ஒன்றைத்தான். பலத்துக்குச் சான்று அதிகம் உள்ள பொடியை ஒதுக்கிவிட்டுச் சான்று குறைந்த இரண்டுக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தார். ஆரோக்கியமானவர்களுக்கு 3 முதல் 5 கிராம் அளவில் சிறுநீரகம் கெட்டதாக ஆய்வுகள் காட்டவில்லை. ஆனால் சிறுநீரகத்தின் நிலையை அறியப் பார்க்கும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் சற்றுக் கூடித் தெரியலாம். அதனால் தொடங்கும் முன்பே ஒரு பரிசோதனை எடுத்து வைக்கப்பட்டது. அளவு சரியாக இருந்தது. பின்னால் வேறு காரணத்துக்கு ரத்தம் கொடுத்தால் கிரியேட்டின் சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும் என்றும் எழுதிக் கொடுத்தார்கள். இந்த முறை 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் தொகுதி எண்ணும் உள்ள டப்பா, பில்லோடு.

நடைமுறையில் தடுமாறிய இடங்கள்

முதல் வாரம் மீனை ஆயாமல் முழுசாகவே எடை போட்டிருக்கிறார்கள். காரல் போன்ற முள் மீனில் தலை, குடல், முள் போனால் பாதிகூடச் சதை தேறாது. 200 கிராம் என்று நினைத்தது 90 கிராம் சதை. நாளைக்கு 20 கிராம் புரதம் குறைந்தது. ஆய்ந்து கழுவிய பிறகு நிறுக்கச் சொன்னதும், காரலை விட்டு மத்தியும் சூடையும் வாங்கச் சொன்னதும் சரிசெய்தன.

மீன் விலை ஏறிய ஒரு நாள் நெத்திலிக் கருவாடு ஆக்கியிருக்கிறார்கள். புரதத்துக்குக் குறைவில்லை, ஆனால் உப்பு. மறுநாள் காலை எடை 800 கிராம் ஏற, மனிதர் அன்று சோற்றையே விட்டுவிட்டார். இரண்டு நாளில் எடை தானாக இறங்கியது. அதன் பின் தினசரி எடையைப் பார்த்து எதையும் மாற்றக் கூடாது, ஏழு நாள் சராசரியை மட்டுமே பார்க்க வேண்டும் என்று முடிவானது. இதை முதல் நாளே சொல்லியிருக்கலாம்.

புதிய தட்டுக்கு மாறிய முதல் பத்து நாளில் எடை 72.6-இலிருந்து 73.5 ஆனது. மாவுச்சத்தோடு திரும்பிவந்த தண்ணீரும் கிரியேட்டின் பிடித்த தண்ணீரும்தான். எதிர்பார்த்த ஒன்று என்றாலும், அந்தப் பத்து நாளும் ஜிம்மில் அவர் கேட்ட பேச்சு கொஞ்சம் இல்லை.

கடலுக்குத் திரும்பிய பின்

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிந்தது. வாரம் 3 நாள் கடல். காலையில் போனால் மறுநாள் காலைதான் கரை. 'படகுலயாவது அமினோ குடிக்கலாமா' என்ற கேள்வி அப்போது திரும்ப வந்தது, நியாயமான கேள்வியும்கூட. வலை வாங்கும் நேரத்தில் உட்கார்ந்து சாப்பிட முடியாது. இங்கே ஒரு பொடி பயன்படும், ஆனால் அது முழுப் புரதமாக இருக்க வேண்டும்: பாலிலிருந்து எடுக்கும் வே புரதப் பொடி 30 கிராமில் 24 கிராம் வாக்கில் புரதம், அதிலேயே 5 கிராம் அளவுக்கு பி.சி.ஏ.ஏ., மீதி 6 அமிலங்களும் சேர்ந்து. உலர்ந்த ஷேக்கரில் பொடியை மட்டும் போட்டு எடுத்துப்போய், குடிக்கும் நேரத்தில் தண்ணீர் விடுவது. கரைத்து வைத்தால் அந்தச் சூட்டில் இரண்டு மூன்று மணி நேரத்தில் கெட்டுப்போகும். இது வாங்க முடியாதவருக்கு 4 அவித்த முட்டையும் ஒரு கை பொட்டுக்கடலையும் அதே வேலையைச் செய்யும். முட்டையை ஓட்டோடு கொண்டுபோக வேண்டும், போனதும் சீக்கிரமே தீர்த்துவிட வேண்டும். படகில் ஆக்கும் மீன் குழம்பு எப்படியும் உண்டு. கடல் நாட்களில் பயிற்சி இல்லை.

முடிவு

போட்டிக்கு முந்தைய நாள் எடை 70.6 கிலோ. இடுப்பு 79 செ.மீ., கை 36.8, தொடை 55.5. பெஞ்ச் பிரஸ் மறுபடி 80 கிலோ 8 முறை; ஸ்குவாட் 110 கிலோ 5 முறை. அமினோ இல்லாத ஏழு வாரத்தில் இடுப்பு மேலும் 3.5 செ.மீ. இறங்கியது, தொடை இறங்கவில்லை, கை கொஞ்சம் மீண்டது, பலம் ஏறக்குறைய பழைய இடத்துக்கு வந்தது.

70 கிலோ பிரிவுக்கு 600 கிராம் அதிகம். ஒரு நாள் தண்ணீரை நிறுத்தினால் இறங்கிவிடும் என்றார் பயிற்சியாளர். இறங்கும்தான். முந்தைய நாள்தான் கடலிலிருந்து திரும்பிய உடம்பு, வெளியே ஜூன் மாத வெக்கை. ஆலோசகர் மறுத்தார், அவரும் துணியவில்லை. 75 கிலோ பிரிவில் நின்றார். தன்னைவிட நான்கு கிலோ கூடுதல் உள்ளவர்களுக்கு நடுவில் இடம் எதுவும் கிடைக்கவில்லை. பயிற்சியாளர் இதை டப்பாவை நிறுத்தியதன் விளைவாகவே இன்றும் சொல்கிறார். 600 கிராம் எங்கிருந்து வந்தது என்று பார்த்தால், கிரியேட்டின் பிடித்த தண்ணீர்தான் அதில் முதல் சந்தேகம். அமினோவுக்கு அதில் வேலை இல்லை.

இந்த ஒருவரை வைத்து பி.சி.ஏ.ஏ. உதவாது என்று நிரூபித்துவிட முடியாது. சாப்பாடு, கலோரி, பயிற்சி, கிரியேட்டின் நான்கும் ஒரே வாரத்தில் மாறின. எது எவ்வளவு செய்தது என்று பிரிக்க வழியில்லை. நாளைக்கு 21 கிராம் குடித்தபோது பலம் இறங்கியது, ஒன்றும் குடிக்காதபோது ஏறியது என்ற அளவுக்குத்தான் இது பேசும்.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

கட்டிங்கைத் தடைக்காலம் வந்த பிறகு தொடங்கியது தாமதம். 76.4-இலிருந்து 70-க்கு வர, வாரம் அரை கிலோ என்றால் 13 வாரம் வேண்டும். மார்ச் இறுதியிலேயே, கறிமீன் வீட்டுக்கு வரும்போதே, தொடங்கியிருக்க வேண்டும். தடை மாதங்களில் அவசரப்பட்டு எடையை இறக்க வேண்டி வந்திருக்காது.

எடைப் பிரிவை ஆறு வாரத்துக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். 70-இல்தான் நிற்பது என்றால் கிரியேட்டினை அந்த ஏழு வாரத்தில் சேர்த்திருக்கக் கூடாது, அல்லது நான்கு முதல் ஆறு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். தசையில் சேர்ந்தது வடிய அவ்வளவு காலம் ஆகும்.

மூன்று நாள் உணவுக் குறிப்பு எடுக்காமல் எந்த டப்பாவும் வாங்க வேண்டாம் என்பது இப்போது அந்த ஜிம்மில் மூன்று பேர் பின்பற்றும் முறை. அதில் ஒருவர் சுத்த சைவம். பால், தயிர், பருப்பு, சோயா எல்லாம் கூட்டியும் அவருக்கு 85 கிராமுக்கு மேல் போகவில்லை. அவருக்கு எழுதிக் கொடுத்ததும் வே புரதம்தான், நாளைக்கு ஒரு ஸ்கூப்.